இதரக் குறிப்புகள்

செவ்வாய்க்கிழமை எனக்கு நாலாம் மாடி.
பேர்ன் நகரத்து மாணவர் விடுதி.
பதினாறு அறைக்கு ஒரு குசினி,
ஒரு பெரிய குளிர்பெட்டி, ஆளுக்கொரு தட்டு.

ஆட்களைத் தெரியாது, தட்டுகளைத் தெரியும்.
401 சோதனைக் காலத்தில் சீஸ் மட்டும் தின்னும்.
407க்குக் காதல்; திடீரென்று இரண்டிரண்டு தயிர்.
409இன் தாய் ஞாயிறு வந்து போயிருக்கிறா,
பேர் எழுதி ஒட்டிய ஆறு டப்பாக்கள்.

412இல் ஒரு பால் போத்தல்.
திறக்கவில்லை.
போன செவ்வாயும் அதே மூலை.
அதற்கு முதல் செவ்வாயும்.
அடியில் மடித்த கடிதம், ஆலோசனை நிலையத்தில் இருந்து:
லெயாந்த்ரோ, முதல் சந்திப்பு டிசம்பர் ஒன்பது.
திகதியைச் சுற்றிப் போத்தலின் ஈர வளையம்.
இன்று நவம்பர் நாலு.

என்னிடம் ஒரு படிவம் இருக்கு.
மின்குமிழ், குழாய் அடைப்பு, பூஞ்சணம், பூட்டு, உடைவு.
கடைசிக் கட்டம்: இதரக் குறிப்புகள்.
பத்து வருசத்தில் முதல் தடவை எழுதினேன்,
நொண்டுகிற என் ஜெர்மனில்:
412. பால் மூன்று கிழமையாய்த் திறக்கவில்லை.

மேலாளர் சூர்புக்கன் நல்ல மனுசி.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டா,
"இது சேதம் இல்லையே. நாறுதா?"
இன்னும் இல்லை என்றேன்.

இந்த ஊரில் பாலங்களில் வலை கட்டியிருக்கிறார்கள்.
நல்ல கம்பி வலை. கீழே ஆரே ஆறு பச்சையாய் ஓடும்.
ட்ராமில் போகையில் தினமும் பார்க்கிறேன்.
நாலாம் மாடியில் இருந்து பாலத்துக்கு
இருபது நிமிட நடை.
அந்த இருபது நிமிடத்துக்கு
வலை பின்னுவது யாருடைய வேலை?
படிவத்தில் இல்லை.

எனக்கும் திறக்காத ஒரு பால் இருந்தது,
வந்த முதல் மாரியில், முகாமில்.
அது வேறொரு நாளைக்கு.

தட்டினேன்.
சுகமா என்று கேட்டால் சுகம் என்பார்கள்,
எந்த நாட்டிலும் அப்படித்தான்.
"விறாந்தைப் பிளக் வேலை செய்யுதில்லை,
உன் அறையில் கொஞ்சம் கரண்ட் தா" என்றேன்.
பொய். பிளக்குக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நெடுநேரம்.
பிறகு கதவு ஒரு சாண்.
நகம் வெட்டாத ஒரு கை வந்து
வயரை வாங்கிப் போனது.

ஏற்கெனவே சுத்தமான விறாந்தையை
மெல்ல மெல்ல உறிஞ்சினேன்.
வயர் நடுவில்; கதவை மூட ஏலாது.
இருபது நிமிடம் திறந்தே கிடந்தது.

அடுத்த செவ்வாய் தட்ட முதலே கை நீட்டினான்.
"இன்னும் திருத்தவில்லையா அதை?"
"எழுதிக் குடுத்திருக்கிறன்."
சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போகவும் இல்லை,
நிலையில் சாய்ந்து நின்று
இரைச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கும் அடுத்த செவ்வாய்
பால் போத்தலைக் கழுவிக்
கவிழ்த்து வைத்திருந்தது.
கடிதத்தைக் காணவில்லை;
கதவின் உட்புறம் ஒட்டியிருந்தான்,
வளையம் காய்ந்திருந்தது.

படிவத்தை எடுத்தேன்.
இதரக் குறிப்புகள்:
நாலாம் மாடி விறாந்தைப் பிளக்.
திருத்த அவசரம் இல்லை.