பதினோராவது கட்டம்

பத்தாவது கட்டம் ரத்தவகை.
பதினொன்று: புகை, மது, வெற்றிலை.
பெயரை எழுதி முடிக்கும் முன்பே
அதில் ஒரு கோடு இழுத்துவிடுவது என் வழக்கம்.
பொம்பளைகளிடம் இதையெல்லாம் கேட்பார்களா?

ஜெசிந்தாள் வந்தபோதும் அப்படித்தான்.
கீரிப்பாறை எஸ்டேட், ஐந்தாம் மாதம்,
ரப்பர் பால் காய்ந்து கறுத்த நகங்கள்.
எடை நாற்பத்தொன்று. ஹீமோகுளோபின் எட்டு.
இரும்பு மாத்திரை கொடுத்தேன்,
முருங்கைக்கீரை தின்னச் சொன்னேன்.
அட்டை கடித்த கணுக்காலுக்குப் பஞ்சு வைத்தேன்.
வாயில் ஏலக்காய் மணத்தது.
நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெஜினுக்கு இப்போது மூன்று வயது.
சொல் இரண்டு: அம்ம. வேண்டா.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
டாக்டர் அவன் தலையை நாடாவால் அளந்தார்,
கண்களின் நீளத்தைச் சின்ன ஸ்கேலால்.
பிறகு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே
விரலால் தடவினார்.
நம் எல்லோருக்கும் அங்கே ஒரு வாய்க்கால் உண்டு.
அவனுக்கு இஸ்திரி போட்டதுபோல் இருந்தது.
"கர்ப்பத்தில் குடித்தாளா?"
அட்டையைப் புரட்டினார்.
என் கையெழுத்து. என் கோடு.

வராந்தாவில் ஜெசிந்தாள் அழவில்லை.
"மூணு மணிக்கு மரம் வெட்டப் போணும்.
குளிருக்கு ஒரு மூடி,
இருமல் மருந்துக் குப்பி மூடி.
வயித்துக்குச் சூடு கிட்டும்னு
அவருதான் ஊத்தித் தருவாரு.
பொறவு டம்ளராச்சு.
பால்ல ஆசிடு இத்திரி கூடினா
ஷீட்டு எப்பிடிப் போவும்னு எனக்குத் தெரியும் சிஸ்டர்.
இது தெரியாது.
நீங்க ஒரு வாக்கு கேட்டிருந்தா
சொல்லியிருப்பேனோ என்னமோ.
கேக்கலியே."

குலசேகரம் பஸ்ஸில்
ரெஜின் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வந்தான்.
என் மேலுதட்டுப் பள்ளத்தில்
விரல் தானாகப் போய் நின்றது.
சுண்டுவிரல் நுனி இறங்குகிற ஆழம்.
எந்த வாரத்தில் அது தோண்டப்படுகிறது
என்று பாடத்தில் படித்திருக்கிறேன்.
பரீட்சையில் இரண்டு மதிப்பெண்.
அவள் என்னிடம் வந்தபோது
அந்த வாரம் தாண்டிப் போயிருந்தது.
தக்கலை வரை அது ஆறுதலாக இருந்தது.
அப்புறம் நினைவு வந்தது,
மூளை கடைசி நாள் வரைக்கும் வளரும்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள்.
பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்.
முதலில் வந்தவள் வாத்தியார் மனைவி.
வளையலை மேலே தள்ளிக்கொண்டு
"எங்களப் பாத்தா எப்பிடித் தெரியுது?" என்றாள்.
கிறிஸ்மஸுக்கு வீட்டில் போடுகிற ஒயினும்
இதில் சேருமா என்று அடுத்தவள்.
சேரும் என்றேன்.
மூன்றாவது பெண்
பதில் சொல்லாமல் கதவைப் பார்த்தாள்.
வெளியே பெஞ்சில் அவள் மாமியார்,
மடியில் பையோடு.

எழுந்து போய்க்
கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.