சனி நின்ற இடம்

நிசான் சனி.
பதினொரு வருஷம் இதே இடத்தில் நின்றது.
ஏழரையையும் தாண்டிவிட்டதே என்று
மேல்மாடி ஃபரீனா சிரிப்பாள்.
பகீரதன் நோர்வேக்குப் போன அன்று
திறப்பை என் கையில் வைத்து
"ஆறே ஆறு மாசம்" என்றான்.

ஆவணியில் பழைய இரும்புக்காரன் வந்தான்.
எடைக்கு விலை பேசி முடித்தோம்.
சங்கிலி போட்டு உயர்த்தியபோது
ஒரு மழையும் நேராய்க் காணாத மண்
காரின் அளவுக்கு வெளிறிக் கிடந்தது,
மாவுக்கட்டுப் பிரித்த கை மாதிரி.
நடுவில் ஒயில் சொட்டிய கறுப்பு வட்டம்.

காசை அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு பார்சல்: புல் விதை, அரைக் கிலோ.
உறையில் இருந்ததை அவனே தமிழாக்கி
உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருந்தான்:
இலையுதிர் காலத்தில் தூவவும்.
முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பு.

வெள்ளவத்தையில் உறைபனி
ஐஸ்கிறீம் பெட்டிக்குள்தான் விழும்.
ஒழுங்கை முனை வாதுமையைக் கேட்கலாமென்றால்
அது வருஷத்துக்கு இரண்டு தரம் சிவந்து கொட்டும்,
யாருடைய கலண்டரையும் பாராமல்.
சரி, ஐப்பசி பிறக்கட்டும் என்றேன்.

அலவாங்கால் குத்த
மண் வெண்கலம் போலச் சத்தம் போட்டது.
மூன்று பின்னேரம்.
கிடைத்தவை: இரண்டு சோடா மூடி, ஒரு நட்,
ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி.
காவலாளி விமலதாச வந்து பார்த்தான்.
"மிஸ், புல்லை விதைக்கிறதா? நடுறதுதானே?"
விரலால் காற்றில் நட்டும் காட்டினான்,
வரிசை பிசகாமல்.

வீசி விதைக்கத் தெரியாது எனக்கு.
மருந்துக்கடையில் குளிசை எண்ணுகிறவள்.
உள்ளங்கையில் கொட்டி
ஐந்து ஐந்தாய்த் தள்ளிக்கொண்டிருந்தேன், கொஞ்ச நேரம்.
பிறகு வெட்கம் வந்து
கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன்.

விடியப் பார்த்தால்
எறும்புகள் மதிலோரம் ஊர்வலம்,
ஆளுக்கொரு விதை தலையில்.
மிச்சத்துக்கு மைனாக்கள்.
மூன்றாம் நாள் மூன்றரைக்கு இடித்தது,
கடல் பக்கமல்ல, முதுகுப் பக்கம், மலைகளிலிருந்து.
காலி வீதி ஹோர்ன் எல்லாம் வாயடைக்க
ஒரு மணித்தியாலம் கொட்டிய மழையில்
என் அரைக் கிலோ மிதந்து
கேற்றடிக் கானில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் டெங்குப் பரிசோதகர்,
கையில் டோர்ச், காலில் சேறு.
"இந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்குது."
விதை போட்டிருக்கு, முளைக்கட்டும் என்றேன்.
"அதுக்கு முதல் நுளம்பு முளைக்கும்" என்று
துண்டு கிழித்துத் தந்தார்.
இரண்டு மூட்டை மணல் வாங்கி நிரவினேன்.

ஏழாம் நாள்
தலைமயிரிலும் மெல்லிய பச்சை.
நான் தூவிய இடத்தில் பத்தோ பன்னிரண்டோ.
மற்றதெல்லாம் மதில் வெடிப்பில், எறும்பு போன வழியே,
நேர்கோடாய்.
கானின் வாயில் ஒரு குடுமி.

கார்த்திகைக்குள் எல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டது.
வெயிலைக் குற்றம் சொல்ல ஏலாது.
நான்தான் தினமும் தண்ணீர் ஊற்றினேன்,
அதிகமாகவோ, குறைவாகவோ.

பிறகு, கவனிக்காத ஒரு கிழமையில்
ஓரத்து அறுகு உள்ளே இறங்கியிருந்தது.
கிண்டி இளக்கிய மண்ணில்
கணுவுக்குக் கணு வேர் ஊன்றி,
அழைப்பு இல்லாத வீட்டுக்கு வருகிற சொந்தம் போல
செருப்பைக் கழற்றாமல்.
கறுப்பு வட்டத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனது.

பகீரதன் கேட்டான்: "வந்திட்டுதா?"
வட்டம் தெரியாத பக்கமாய் நின்று
படம் எடுத்து அனுப்பினேன்.
அங்கே இரவு போல. மெதுவாய்ப் பதில் வந்தது.
"நல்ல விதை என்ன? அடுத்த முறையும் அனுப்புறன்."

ஓம் என்று எழுதினேன்.
வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.
நாளைக்குப் பரிசோதகர் வருகிற நாள்.