உடுக்குறி

லெமெரி மீன் சந்தை, காலை ஐந்தேகால்.
ஆலிங் பூரிங்கின் பலகைக்கு எதிரே
கவிழ்த்துப் போட்ட நீலப் பெட்டியின் மேல்
இருபத்தேழு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன்,
விடுமுறைக்கு விடுமுறை,
கையில் அட்டைகள், காலடியில் மீன் கழுவிய நீர்.

தகலோக்கில் வினைதான் முதலில் வரும்.
வாங்கியாயிற்று என்று சொல்லிவிட்டுத்தான்
யார், எதை, எவருக்காக என்ற பேச்சு.
அதற்குள் ஒரு சிறு சொல், 'அங்'.
அது எவர் முன்னால் போய் நிற்கிறதோ
அவர் பக்கம் முகம் திருப்பும் வினை.
வாங்கியவள் முன் நின்றால் புமிலி.
மீன் முன் நின்றால் பினிலி.
விற்றவள் முன் பினில்ஹான்.
வீட்டில் காய்ச்சலோடு கிடப்பவன் முன் இபினிலி.
கசங்கிய ஐம்பது பேசோவுக்கும்
ஒரு முறை வரும்: இபினம்பிலி.
மீன் ஒன்றுதான். பேரமும் ஒன்றுதான்.

இதில் எழுவாய் எது?
இந்த ஒரு கேள்வியை வைத்து
முனைவர் பட்டம் வாங்கினேன், டிலிமானில் ஓர் அறை வாங்கினேன்,
ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம்,
இடது முழங்காலில் வலி.
மாநாடு ஒன்றில் ஒருவர் எழுவாயே இல்லை என்றார்.
இன்னொருவர் இரண்டு உண்டு என்றார்.
இடைவேளையில் இருவரும்
கடைசியாக மிஞ்சிய ஒரே டோனட்டுக்குக் கை நீட்டினார்கள்.
ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டான்:
"நாம பேசுறதை நமக்கே சொல்ல
உனக்குச் சம்பளமா?"

என் ஆய்வேட்டில் பதினேழாம் எடுத்துக்காட்டு.
யார் என்று கேட்டால்
வினை அந்த யாரைத்தான் பார்க்க வேண்டும்.
மீனைப் பார்த்து நிற்கும் வினையிடம் போய்
யார் என்று கேட்க முடியாது.
அப்படி ஒரு வாக்கியம் கட்டி
அதன் நெற்றியில் உடுக்குறி வைத்தேன்:
இவ்வாறு எவரும் பேசார்.
சின்னக் குறி. மூன்று கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது.
பிறகு அது என்னைக் கேளாமலே
பிறர் நூல்களுக்குக் குடிபோயிற்று.
எண் மாறியது, மீன் சில சமயம் மாம்பழமாயிற்று,
உடு மட்டும் அப்படியே.

போன ஏப்ரல், செவ்வாய்க்கிழமை.
டாவ்வினுக்கு வரிசை நீண்டுவிட்டது,
தவிலிஸ் பெட்டியில் பனி உருகிக்கொண்டிருந்தது,
ஆலிங் பூரிங் பலகையைத் தடவினாள், கீழே குனிந்தாள், நிமிர்ந்தாள்,
சந்தையே திரும்பக் கத்தினாள்:
"சினோ அங் கினுஹா அங் குட்சில்யோ கோ!"
என் கத்தியை எடுத்தது யார்.

பதினேழு.
மீனுக்குப் பதில் கத்தி, அவ்வளவே.
அது எந்தக் கத்தியோ அல்ல, அவளுடையது,
கைப்பிடியில் சிவப்பு ரப்பர் சுற்றியது.
'அங்'கை விட்டுத்தர அதற்கு மனமில்லை.

கூட்டம் குறையும்வரை காத்திருந்து
அட்டையில் எழுதியதை வாசித்துக் காட்டினேன்.
இப்படிச் சொல்லலாமா?
முகத்தைச் சுளித்தாள்.
"சேச்சே. யார் பேசுவாங்க இப்படி?
மணிலாக்காரங்க பேசுவாங்களோ என்னவோ."
நீங்கள்தான் சொன்னீர்கள், இப்போது, ஆறு மணிக்கு.
"நானா?"
பக்கத்துக் கடை இறால்காரனிடம் திரும்பி
சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது.

சொன்னதும் அவள்தான். ஆகாது என்பதும் அவள்தான்.
இரண்டில் எதை நான் பதிவு செய்ய?

பென்சில் முனை உடைந்திருந்தது.
சீவலாம் என்று மடியைப் பார்த்தேன்:
அட்டைகளின் அடியில் சிவப்பு ரப்பர்.
விடியுமுன் முதல் பென்சிலைச் சீவ
நானே கை நீட்டி எடுத்திருக்கிறேன்.

மனம் அறியாமல் கை செய்ததைச் சொல்ல
இந்த மொழியில் வினைக்குத் தனி உரு உண்டு.
அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.
வாழ்நாளில் முதல்முறையாக
அது எனக்குத் தேவைப்பட்டது. தலை குனிந்து சொன்னேன்.

அவள் கத்தியை வாங்கி ஏப்ரனில் துடைத்தாள்,
கிராஃபைட் பொடி கறுப்பாய்த் தீற்றியது.
அரைக் கிலோ நிறுத்துப் பையில் கட்டி
என் மடியில் வைத்து ஏதோ சொன்னாள்,
வாங்கிக்கொண்டு போ என்பது மாதிரி.
அதில் 'அங்' எதன் முன் நின்றது என்று
நான் கவனிக்கவில்லை.