பெயர் நீக்கம்

சர்வர் படுத்துவிட்டது.
செக்கானூரணி இ-சேவை மையத்தில்
டோக்கன் பதினொன்றோடு உலகம் நின்றது.

சுற்றும் வட்டத்தையே எவ்வளவு நேரம் பார்ப்பது?
அதன் மேலேயே அந்த விளையாட்டைத் திறந்தேன்.
ஏழு பொம்மைகள், சாம்பல் நிறம்,
கடன்காரனைக் கண்டதுபோல் வாய் மூடி.
தொப்பியை இழுத்துப் போட்டால்
டும் என்கும் ஒன்று.
கண்ணாடி மாட்டியது
த்ஸ்க த்ஸ்க என்று பல்லிடுக்கில் தாளம் கடிக்கும்.

பன்னிரண்டு, விருமாயி,
நாற்காலியோடு நகர்ந்து வந்தார்.
"அந்த மூக்கனுக்குக் கொம்பு வையி."
வைத்தேன். முக்காரம் போட்டான்.
சாதிச் சான்றுக்கு வந்த தவசி மேசையைத் தட்ட
உசிலம்பட்டி பஸ்ஸின் ஹாரன்
சரியாக நான்காம் தட்டில் வந்து விழுந்தது.
சத்தியமாக, அதை நான் இழுத்துப் போடவில்லை.

பதினேழு, சோணைமுத்து, சிரிக்கவில்லை.
ரேஷன் கார்டு. பெயர் நீக்கம்: ஒன்று.
"இதுல ஒருத்தர எடுத்துட்டா?"

நீலத் தொப்பியை உருவினேன்.
மற்ற ஆறும் ஆடிக்கொண்டுதான் இருந்தன.
அந்த இடம் வரும்போது மட்டும்
படியில்லாத இடத்தில் கால் வைத்ததுபோல்.
விருமாயி முனகி அடைக்கப் பார்த்தார்,
சுதி சேரவில்லை.

"திரும்பப் போட்ருத்தா."

போட்டேன்.
அப்போது பார்த்து சர்வர் வந்தது.
பதினொன்று கட்டைவிரலை
வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

சோணைமுத்து கார்டைச் சட்டைப்பையில் வைத்து
"நாளைக்கு வாரேன்" என்றார்.
நேற்றும் அதைத்தான் சொன்னார்.

சிறிதாக்கிய ஜன்னலுக்குள்
ஏழும் பாடிக்கொண்டிருந்தன,
நான் பிறந்த தேதிகளைத்
திருத்திக்கொண்டிருந்தேன்.