ஐந்தில் நான்கு

தோட்டத்துப் பழைய ஆம்புலன்ஸை
ஏலத்தில் எடுத்தேன்.
சிவப்புச் சிலுவையைச் சுரண்டிச் சுரண்டி
இளஞ்சிவப்பு வரை கொண்டுவந்தேன்.
அதற்கு மேல் போக மறுக்கிறது.

ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் கட்டில்.
சேலைன் கொக்கியில் கரண்டி.
பாக்கி, அடுப்பு.

பண்டாரவளை இரும்புக் கடையில்
ஓர் ஆட்டோவின் வயிற்றிலிருந்து கழற்றிய டேங்க் கிடைத்தது.
அழுத்தம் பார்த்து முத்திரை குத்தி வாங்க
மூன்று வாரம்.
"வீட்டுச் சிலிண்டர் ஒன்ன உள்ளுக்கு வச்சா முடிஞ்சது,
எதுக்கு மிஸ்ஸி இந்தப் பாடு?"
என்றான் இருதயராஜ்.
இருபத்திரண்டு வருஷம் இதை ஓட்டியவன்,
ஸ்பேனரைத் தொடப் பயப்படுகிறவன்.

காலியானதைத் தூக்கிக்கொண்டு
இனி ஒரு வரிசையில் என்னால் நிற்க முடியாது.
அந்த வருஷம்
சிலிண்டரோடு சிலிண்டரைச் சங்கிலியில் பிணைத்துவிட்டு
மூன்று ராத்திரி கடைவாசலில் தூங்கியது போதும்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
முதுகுக்குக் கீழே தேயிலைச் சாக்கு,
மூக்குக்கு மேலே சேஸி.
நான்கு போல்ட். நான்காவது விழுந்து
கானுக்குள் உருண்டது.
ரோதைமுனியைக் கூப்பிட்டுக்கொண்டே தேடினோம்;
இருதயராஜ் வேதக்காரன், ஆனாலும் கூப்பிட்டான்.

செப்புக் குழாயை முழங்காலில் வைத்து வளைத்தேன்.
அவசரப்பட்டால் நசுங்கும்.
குறுக்கே கிடக்கும் பிள்ளையை
வயிற்றுக்கு மேலிருந்தே திருப்பும்
அதே விரல்கள்தான் இதற்கும்.

கேஸ் காற்றைவிடக் கனம்.
கசிந்தால் மேலே போகாது,
விடிகாலையில் பள்ளத்தில் படுத்துக் கிடக்கும்
மூட்டத்தைப் போலத் தரையில் கிடக்கும்.
அதற்கு வெளியே போகத் தரையில் ஓட்டை வேண்டும்.
ஓட்டை முன்பே இருந்தது,
கழுவிய தண்ணீர் இறங்க.
எதைக் கழுவினோம் என்று
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
அரம் போட்டு அகலமாக்கி
எலி வராமல் கம்பிவலை அடித்தேன்.

நிரப்பப் போனால் பம்ப்காரப் பொடியன்
"ஆட்டோவுக்கு மட்டுந்தான் மிஸ்ஸி" என்றான்.
"டேங்க் ஆட்டோவுடையதுதான், குனிஞ்சு பாரு."
குனிந்து பார்த்தான். சிரித்துவிட்டான்.

ஐந்தில் நான்கு ஏறியதும்
உள்ளே ஏதோ 'டக்' என்று அடைத்துக்கொண்டது.
"இன்னும் இடம் இருக்கே?"
"அது அப்படித்தான். வெயில் பட்டா விரியும்."

முள் என்றால் எனக்கு வேறொரு முள்.
ஒக்சிஜன் மீட்டரில்,
ஹாலிஎல தாண்டுவதற்குள் பூஜ்யத்தில் விழுந்தது.
இருதயராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் வேகத்தைக் குறைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரத் தண்ணியைக் குழப்பி
மூட்டு மூட்டாகத் தடவினேன்.
மூன்றாவதில் ஒரு குமிழி.
கடுகளவு,
பிறகு மிளகளவு,
அதற்குள் ஜன்னல், ஜன்னலுக்குள் மலை, தலைகீழாக.
"உடையட்டும்" என்றான்.
"பொறு."
உடைந்தது.
ஸ்பேனரில் கால் சுற்று.
மறுபடி தடவி
பத்து நிமிஷம் குந்தியிருந்தோம்.
ஒன்றும் பிறக்கவில்லை.
பிறக்காததற்கு நான் சந்தோஷப்பட்டது
அன்றைக்குத்தான்.

இதல்கஸ்ஹின்னப் பாதையில் ஓரங்கட்டி
முதல் தீக்குச்சி.
நீலம்.
இருதயராஜ் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு
எட்டிப் பார்த்தான்.

கேத்தல் சத்தம் போடுமுன்
கொழுந்துச் சாக்கோடு ஒருத்தி பனிக்குள்ளிருந்து வந்தாள்.
மீதச் சிவப்பைக் கண்டு
நெஞ்சில் கை வைத்தாள்.
"யாருக்கு, மிஸ்ஸி? எந்த லயம்?"

"யாருக்கும் இல்ல.
தேத்தண்ணி குடிக்கிறியா?"

சாக்கை இறக்கவில்லை அவள்.
கட்டிலில் யாரும் இல்லை என்பதை
முதலில் பார்த்துக்கொண்டாள்.
பிறகு,
"சீனி கொஞ்சமாப் போடுங்க" என்றாள்.