வெள்ளிக்கிழமை, கிரேன் எண் பதினொன்று

வெள்ளி பிறக்கும் நள்ளிரவில்
மதகைத் திறப்பதுபோல
புது ஆல்பங்களைத் திறந்துவிடுகிறார்கள்.
எனக்கு இரவு ஷிப்ட்.
கிடினியா துறைமுகம்,
கண்ணாடித் தரைக்குக் கீழே
நாற்பது மீட்டர் காற்று.
ஹெட்ஃபோன் கூடாது என்பது விதி.
தெர்மோஸுக்குப் பின்னால் நிற்கும்
குட்டி ஸ்பீக்கரைப் பற்றி
விதி வாய் திறக்கவில்லை.

முதலில் ஓல்ஷ்டின் நகரத்துப் பையன்கள் இருவர்.
அக்கார்டியனும் டிரம் மெஷினும்
மூன்று பாட்டு வரை முட்டிக்கொண்டன.
நாலாவதில்
அக்கார்டியன் மூச்சு வாங்க நின்றபோது
மெஷினும் நின்று காத்திருந்தது.
அதற்கு அந்த நாகரிகத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள்?
ஏழரை.

பத்துக்கு இத்தனை என்று
நோட்டில் குறித்துவைப்பேன்,
பதினாறு வயதிலிருந்து.
இது முப்பத்தோராவது நோட்டு.
முழுப் பத்து இரண்டே முறை போட்டிருக்கிறேன்.
அதில் ஒன்றைப் பிறகு
பேனா கிழியக் கிழிய அடித்தேன்.

அடுத்து,
பத்தொன்பது ஆண்டு கழித்து 'ஈரச் சுவர்' குழு.
இவர்களைப் பார்க்க ஒருமுறை
ஆறு மணி நேரம் மழையில் நின்றிருக்கிறேன்,
விட்டோல்டின் கோட்டுக்குள் பாதியும்
வெளியே பாதியுமாக.
பாடகருக்குக் குரல் மெலிந்துவிட்டது.
கெட்ட சூப்பில் மிளகைக் கொட்டுவதுபோல
எதிரொலியைக் கொட்டி மறைத்திருக்கிறார்கள்.
கடைசிப் பாட்டில் மட்டும் மறந்துபோனார்களோ என்னவோ,
வெறும் குரல்,
சொல்லுக்குச் சொல் உடைந்துகொண்டு.
அதைத் திருப்பிக் கேட்டேன்.
கோட்டுக்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. ஐந்து.
சரி, ஐந்தேகால்.

"பொக்னா, தூங்கிட்டியா?
லாரி நிக்குது"
கீழேயிருந்து செனோன்.
வாழைப்பழம் இரண்டு பெட்டி,
குளியல் தொட்டி ஒரு பெட்டி.
இறக்கினேன்.

மூன்றாவது ஒரு பெண்.
வற்றிய நீச்சல்குளத்தின் அடியில் உட்கார்ந்து
தனியாகப் பாடியிருக்கிறாள்.
ஒவ்வொரு சொல்லும் சுவரைத் தொட்டுத் திரும்புகையில்
வேறு சொல்லாக வருகிறது.
'போ' என்கிறாள்,
வருவதற்குள் அது 'போகாதே' ஆகிவிடுகிறது.
எட்டு.
எட்டேகாலாகவும் இருக்கலாம்,
பகலில் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

நாலாவதின் அட்டையில்
சாம்பல் நிறக் கடல். ஆளும் இல்லை, பேரும் இல்லை.
ஆறாம் பாட்டு காற்றில் தொடங்கியது.
பிறகு இரும்பு.
டங்.
அரை நொடி.
இன்னொரு டங்.

ஃபிளாஸ்க் மூடி கையிலேயே இருந்தது.

ஜனவரி, செவ்வாய், வடக்குக் காற்று.
நாலு மூலையும் ஒரே சத்தமாக
உட்கார வேண்டிய பெட்டி,
இடது மூலை முந்திக்கொண்டது.
இருபத்திரண்டு ஆண்டில் இப்படி
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
யாரும் பார்க்கவில்லை என்றிருந்தேன்.
அன்றைக்கு அலைதடுப்புச் சுவரில்
சிவப்புக் குல்லாய் ஒருவன்
நீளக் கோலோடு நின்றான்.
மீன் பிடிக்கிறான் என்று நினைத்தேன்.

அந்தத் தப்பைத்தான்
சுற்றிச்சுற்றி ஓடவிட்டு
தாளம் என்கிறான்.
நாலு நிமிடம் பதினோரு நொடி
என் கை நடுங்கிக்கொண்டே இருக்கிறது,
அதன் மேல் பேஸ் கிட்டார் ஒன்று
கைவீசி நடந்துபோகிறது.
எந்தெந்த ஊரில் யார் யாரோ
இதற்குத் தலையாட்டுவார்கள்.
கேட்காமல் எடுத்தான் என்று
கோபம் வந்தது.
கால் அதற்குள்
தாளம் போட ஆரம்பித்துவிட்டது, மானங்கெட்ட கால்.

நோட்டைத் திறந்தேன்.
பேஸ் அதிகம்,
என் இரும்பு அமுங்கிப்போகிறது.
ஆறரை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

ஐந்தாவது நாளைக்கு இருக்கட்டும்.
நாலரை மணிக்குக் கடைசிப் பெட்டி.
அலைதடுப்புச் சுவரை ஒரு தடவை பார்த்தேன்,
பனிமூட்டம்தான் இருந்தது.
இறக்கினேன், பஞ்சு மாதிரி.
"இன்னிக்கு என்ன இவ்வளவு மெதுவா?" என்றான் செனோன்.

டங்.

அரை நொடி
காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
இன்னொன்று வரவில்லை.