சலவைப் பட்டியலின் பின்புறம்

அந்தத் தட்டச்சுப் பொறியில் ஒரு விசை இல்லை.
காப்பீட்டு அலுவலகம் மூடியபோது
ஒன்பது டாலருக்கு வாங்கியது;
ஆங்கிலம் மட்டும் அடிக்கும்.
ஓத்தீலியா சூஞிகா
தன் பெயரை அடித்து, தாளை உருவி,
நடுவெழுத்தின் தலைமேல்
பேனாவால் ஒரு சின்ன அலை போடுவாள்.
பெயர் வரும் ஒவ்வொரு முறையும்.

எனக்கு அந்தச் சிரமம் இல்லை.
ஞ ஞா ஞி என்று பள்ளியில் கத்திய வரிசையில்
வேலை கிடைக்காமலே நின்ற எழுத்து, ஞி.
ஞிமிறு என்று பழம்பாட்டில் எங்கோ ஒரு வண்டு.
அதை விட்டால்
இவள் பெயர்தான்.

புவெப்லோ, கொலராடோ. உருக்காலை ஊர்.
இரவில் கசடு கொட்டும்போது
அடங்கிய வானம் மறுபடி சிவக்கும்.
மருத்துவமனையின் நிலவறையில் அவளுக்குச் சலவை வேலை.
ரத்தம் பட்ட விரிப்புகளுக்குத் தனித் தொட்டி.
மூன்றாம் ஷிப்டில்
இயந்திரம் சுழலும் நாற்பது நிமிடம் அவளுடையது.
பட்டியல் தாளைத் திருப்பினால்
வெள்ளை.

வேலைநிறுத்தத்தைப் பற்றித்தான் எழுதினாள்,
ஆனால் அடுப்புப் பக்கமிருந்து.
கிரெசென்சியோ, நாடகக் குழுவின் தலைவன்,
நல்லவன்தான், நின்றபடியே படித்தான்.
"அருமை. ஆனா இந்தப் பொம்பளை ஏன் இவ்வளவு பேசறா?
முதல்ல ஜெயிப்போம். வீட்டு விவகாரம் அப்புறம்."
அப்புறம் என்பது எந்தக் கிழமை என்று கேட்டாள்.
அவன் சிரித்தான்.
அவள் பதிலுக்குக் காத்து நின்றாள்.

சுவரொட்டியில் தலைப்பு இல்லை,
'ஞாயிறு ஆறு மணி' மட்டும்.
இன்றும் அந்த நாடகத்துக்கு அதுதான் பெயர்.
தொழிற்சங்கக் கூடம், மடக்கு நாற்காலிகள்,
அறுபத்தொன்பதின் பனி.
மனைவியாக நடிக்க இருந்தவளை
அவள் புருஷன் அனுப்பவில்லை.
ஓத்தீலியாவே மேடை ஏறினாள், சலவைச் சீருடையில்.

மூன்றாம் காட்சி. கணவன் மேசையைக் குத்துகிறான்:
"எட்டு மணி நேரம்! மேலே ஒரு நிமிஷம் கிடையாது!"
அடுத்த வரி அவளுடையது.
அவளே எழுதியது. பதினாறு முறை திருத்தியது.
வரவில்லை.

யாரோ இருமினார்கள்.
நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.
கதவோரம் தமாலே விற்க வந்த தொமிங்கா
பானை மூடியைத் திறந்தபடியே சொன்னாள்:
"உனக்குத் தினம் ஆலைச் சங்கு ஊதுது, வீட்டுக்கு வர்றே.
எனக்கு ஊதினா
அது ஒரேயடியாத்தான்."

முதலில் பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள்.
பிறகு அது சிரிப்பாக இல்லை.
ஒருவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.
அவர் மனைவி போகவில்லை;
தன் கோட்டைக் கழற்றி
அவர் நாற்காலியில் வைத்தாள்.

அன்றிரவே அந்த வரி தாளில் ஏறியது.
அச்சான ஒவ்வொரு முறையும் அடியில் குறிப்பு:
'இது தொமிங்கா அரெய்யானோ சொன்னது.'
ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் நான்கு டாலர் போகும்.
"ஒரு வாக்கியத்துக்கா?
டஜன் தமாலேயே ஒன்றரை டாலர்தானே"
என்று தொமிங்கா வாங்கிக்கொள்வாள்.

நியூயார்க்கிலிருந்து பதிப்பாளர் எழுதினார்:
ஸ்பானியச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடலாமா?
பதில் அஞ்சலட்டையில் போனது:
'என் வாயில் எந்தச் சொல்லும் சாய்ந்து நிற்பதில்லை.'
புத்தகம் ஆறு வருடம் தாமதமானது.
அதற்குள் இன்னும் நான்கு நாடகங்கள்,
ஒரு விவாகரத்து,
கேட்காத இடது காது.

இப்போது பல்கலைக்கழகத்தில் அவள் தாள்கள், பெட்டி பெட்டியாக.
பதினான்காம் பெட்டியைக் கணினியில் ஏற்றிய இளைஞன்
தாளின் தவறான பக்கத்தைப் பிடித்துவிட்டான்.
திரையில் நாடகம் இல்லை;
விரிப்பு 212, தலையணை உறை 90,
குழந்தைத் துண்டு 37, கிழிந்தது 4.
தலைப்பு: 'மருத்துவமனைக் கணக்குகள், ஆசிரியர் தெரியவில்லை.'

மன்னிப்புக் கேட்கத் தொலைபேசியில் அழைத்தார்கள்.
எண்பத்தொரு வயது. நல்ல காதுக்கு மாற்றிக்கொண்டு
முழுவதும் கேட்டாள்.
"அழிக்காதீங்க. அதுவும் நான் எழுதினதுதான்.
இன்னொரு பக்கத்தையும் சேத்துப் போடுங்க.
அப்புறம்,
கிழிஞ்சது நாலு இல்லே, அஞ்சு.
ஒண்ண நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்,
திரைச்சீலைக்கு."